ரோஸ் நிறம் வராத அட்டை

மூன்று அட்டைகளையும் மேசைமேல் வரிசையாக வைத்தது நான்தான். நடு அட்டையை எடுத்ததும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது. ஒரு மனிதர் செத்துப்போனார். அந்தச் சாவை யார் தலையில் கட்டுவது என்று தேடியபோது பாவ்சூ அக்காவின் தலை கிடைத்தது. என் தலையும் பக்கத்திலேயேதான் இருந்தது.

தைவானின் காவ்சியுங்கில் சிப்புகளுக்கு உறை போட்டுச் சோதித்து அனுப்பும் தொழிற்சாலையில், பொட்டலப் பொருள்கள் பிரிவு என்னுடையது. சிப் செய்கிறவர்களைப் பற்றித் தினமும் டிவியில் பேசுவார்கள். அதை வைத்து அனுப்புகிற பையைப் பற்றி யாரும் பேசியதில்லை. பை, பெட்டி, நாடா, அட்டை என்று எல்லாரும் மறந்துபோகிற சாமான்களைத் தேர்ந்தெடுப்பது என் பிழைப்பு.

சிப்புக்கு ஈரம் ஆகாது. காற்றில் இருக்கிற ஈரத்தைச் சத்தமில்லாமல் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். பிறகு மின்சுற்றுப் பலகையில் ஒட்டுவதற்காகச் சூட்டு அடுப்புக்குள் போகும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, சோளம் பொரிகிற மாதிரி வெடிக்கும். வெளியே தெரியும்படி வெடித்தால் நல்லது, தூக்கிப் போட்டுவிடலாம். சில சமயம் உள்ளுக்குள் மயிரிழை அளவு கீறல் மட்டும் விழும். அந்தச் சிப் சோதனையில் தேறிவிடும். இரண்டு மாதமோ ஆறு மாதமோ ஒழுங்காக ஓடிவிட்டு, ஒரு நாள் நின்றுவிடும். அதனால்தான் வெள்ளி நிறப் பையில் போட்டு, காற்றை உறிஞ்சி, வாயை ஒட்டி அனுப்புகிறோம். பைக்குள் விரல் நீளத்துக்கு ஓர் அட்டை இருக்கும். அதில் மூன்று புள்ளிகள். பையைப் பிரிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் புள்ளிகளைத்தான். ஈரம் என்று காட்டினால் சிப்புகளை ஒரு நாள் முழுக்கச் சூடாக்கி உலர்த்திவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நீலம் என்றால் உலர்ந்தது, ரோஸ் என்றால் ஈரம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்துகிற மாதிரி, கை தானாகச் செய்யும்.

அந்த நீலத்தைத் தருவது கோபால்ட் உப்பு. ஐரோப்பாக்காரர்கள் அது உடம்புக்கு ஆகாது, வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். மேனேஜர் சியெனுக்கு அந்தக் கடிதம் போதும். எனக்கு வேறொரு காரணம் இருந்தது. நானும் பாவ்சூ அக்காவும் பதினோரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பைக்குள் அட்டை போட்டவர்கள். ஒரு நாளைக்கு மூவாயிரம் அட்டை. என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் விரல்கள் வெடித்து ரத்தம் வந்தது. ராத்திரி அரிப்பு தாங்காமல் ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். கோபால்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னதும் வேலையை விட்டுவிட்டு, காங்ஷானில் பலகை செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் சரக்குச் சோதனைக்குச் சேர்ந்தார். விட்டது சனி என்று போனால், அங்கேயும் எங்கள் பையைப் பிரித்து அதே அட்டையைத் தொடுகிற வேலைதான்.

ஆகவே மார்ச் மாதம் மூன்று மாதிரிகளை வரவழைத்தேன். முதலாவது, பழைய கோபால்ட் அட்டையே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. இரண்டாவதில் செம்பு உப்பு: உலர்ந்தால் பழுப்பு, ஈரமானால் நீலம். மூன்றாவது மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறுவது. ஈரப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தோம். மஞ்சள் அட்டை சோம்பேறி, மாறுவதற்குள் நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டோம். செம்பு அட்டை சுறுசுறுப்பு. புள்ளியும் தெளிவு.

என்னிடம் வேலை பார்க்கிற யீதிங் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, இங்க பாருங்களேன். இது கெட்டுப்போனா, பழைய அட்டை நல்லா இருக்கிற மாதிரியே நீலமா இருக்கு."

"அதனால என்ன?"

"நம்ம மேனேஜர் மாதிரின்னு சொல்ல வந்தேன். கோபமா இருந்தாதான் சிரிப்பாரு."

நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அறிக்கையில் ஒரு வரி எழுதினேன்: புதிய அட்டையின் ஈர நிறம் பழைய அட்டையின் உலர் நிறத்தைப் போல இருப்பதால், வாங்குகிற எல்லாருக்கும் கடிதம் மூலம் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். மேனேஜர் அதைப் பேனாவால் தட்டினார்.

"ஹுவே, எத்தனை பேர் நம்மகிட்ட வாங்குறாங்க?"

"இருநூத்திச் சொச்சம்."

"இருநூறு பேர்கிட்ட ஒப்புதல் வாங்க எவ்வளவு நாள்?"

"ஆறு மாசம் ஆகும்."

"கப்பல்ல போற சரக்குக்கா கேட்கிறோம்? அட்டை. குப்பைத் தொட்டிக்குப் போற அட்டை. எது நல்லது எது கெட்டதுன்னு அட்டையிலயே அச்சடிச்சிருக்கில்ல?"

அச்சடித்திருந்தது. கீழ் ஓரத்தில், எறும்பு வரிசை மாதிரி, ஆங்கிலத்தில். அவர் கட்டாயப்படுத்தவில்லை. வரியை நானேதான் அழித்தேன். ஆறு மாதம் தள்ளிப்போனால் பெஞ்சில் இருக்கிற பெண்கள் இன்னும் ஆறு மாதம் கோபால்ட்டைத் தொடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைதான். மேனேஜரோடு மல்லுக்கட்டச் சோம்பலாக இருந்ததும் உண்மைதான்.

ஜூனில் புதிய அட்டை போக ஆரம்பித்தது. முதல் வாரமே பாவ்சூ அக்கா போன் செய்தார்.

"ஏய் பெரிய ஆபீசர்! என்னடி அட்டை அனுப்பியிருக்கே? புள்ளியெல்லாம் பழுப்பா இருக்கு. சோயா சாஸ் கொட்டிட்டியா?"

"அட்டையை மாத்திட்டோம் அக்கா. கோபால்ட் கிடையாது. உங்க கைக்காகத்தான் பாடுபட்டேன்."

"எனக்காகவா? பொய் சொல்லாதே. அழுதுருவேன்."

"நிஜமா. பழுப்பு நல்லதுதான், பயப்படாம உள்ளே விடுங்க."

"சரி, சரி. பழுப்பு நல்லது. எழுதி வச்சுக்கிறேன்."

அந்த நேரம் வாசலில் பெட்டி லாரி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டேன். கெட்டால் என்ன நிறம் என்று அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறார்? கெட்டது ரோஸ். இருபத்தெட்டு வருடமாக ரோஸ்தான். அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு பையிலும் ரோஸ் வருகிறதா என்று பார்த்தார். அந்த அட்டையில் ரோஸ் எந்தக் காலத்திலும் வராது. எனக்கு அது தெரியும், அவருக்குத் தெரியாது.

செப்டம்பரில் புயல் அடித்து எங்கள் பக்கம் இரண்டு நாள் மின்சாரம் தடுமாறியது. பையின் வாயை ஒட்டுகிற இயந்திரத்துக்குச் சூடு சரியாக ஏறவில்லை. அதன் தலையில், எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் எல்லா இயந்திரங்களுக்கும் வைக்கிற மாதிரி, பச்சை நிறச் சோளப்பொரிப் பாக்கெட் வைத்திருந்தோம், இயந்திரம் சொன்னபடி கேட்கட்டும் என்று. தேதி பார்த்துப் புதுப் பாக்கெட்டாக மாற்றி வைப்போம், மறக்கவே மாட்டோம். அந்த அக்கறையில் பாதியைச் சூடு அளக்கும் முள்ளின் மேல் காட்டியிருந்தால் போதும். ஒட்டு பலவீனமான பைகள் காங்ஷானுக்குப் போயின. ஈரக் காற்று மெல்ல உள்ளே புகுந்தது.

செப்டம்பர் இருபத்தாறாம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் போனுக்குச் செய்தி வந்தது. 'இன்னிக்குப் பிரிச்ச பையில பழைய நீலம் வந்திருக்கு. மிச்சம் இருந்த அட்டையைத் தள்ளிவிட்டீங்களா? கையை ஒரு தடவை நல்லா கழுவிக்கிட்டேன். ஆனா பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு.'

நான் டப்பாவிலிருந்து பன்றிக்கறிச் சோறு தின்றுகொண்டிருந்தேன். ஒரு கையால் போனை எடுத்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற கரடி ஸ்டிக்கர் ஒன்றை அனுப்பினேன். பழைய அட்டை எங்களிடம் ஒன்றுகூட மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும். அதை நினைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை நான் கொடுக்கவில்லை. சோற்றைத் தின்றேன்.

பதினான்கு பை. பதினான்குக்கும் அவர் படிவத்தில் வட்டம் போட்டார். அந்தப் படிவமும் பழையதுதான்: 'நீலமா? ஆம் என்றால் வட்டம்.' யாரும் அதை மாற்றி அச்சடிக்கவில்லை. ஜூனிலிருந்து பழுப்பு வந்த பைகளுக்கெல்லாம் 'ஹுவே சொன்னபடி' என்று ஓரத்தில் எழுதாமல், தன் பொறுப்பிலேயே வட்டம் போட்டு வந்தார். இந்தப் பதினான்குக்குத்தான் படிவம் சொன்னபடி, நிம்மதியாக, வட்டம் போட்டிருக்கிறார்.

அந்தச் சிப்புகள் வீட்டில் வைத்துப் பயன்படுத்துகிற ஆக்சிஜன் இயந்திரத்தின் அபாயமணிப் பலகைக்குப் போயின. டிசம்பரில், பிங்துங் பக்கம், ஷியாவ் என்கிற ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர், எழுபத்துநாலு வயது, பகல் பதினோரு மணிக்கு நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் நின்றது. மணி அலற வேண்டும். அலறவில்லை. அவர் மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் முள்ளங்கியை உப்பில் பிசைந்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று போலீசில் சொன்னாராம். தூங்குகிறார் என்று நினைத்துச் செய்தித்தாளை மடித்து வைத்தாராம்.

ஆக்சிஜன் இயந்திரக் கம்பெனிக்காரர்கள் பலகையைப் பிரித்தார்கள், சிப்பை அறுத்தார்கள், கீறலைக் கண்டார்கள். பெட்டி எண்ணைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

ஜனவரியில் காங்ஷானில் பாவ்சூ அக்காவின் கம்பெனியில் கூட்டம். அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும், அதற்கு முன்னால் மூன்று கம்பெனியும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். இயந்திரக் கம்பெனியிலிருந்து ஃபாங் என்கிற தர ஆய்வாளர், மரியாதையான ஆள். அக்காவின் முதலாளி. எங்கள் பக்கம் மேனேஜர் சியெனும் நானும். பாவ்சூ அக்கா முடியை இழுத்துக் கட்டி, இஸ்திரி போட்ட சீருடையில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

"செப்டம்பர் இருபத்தாறு. பதினாலு பை பிரிச்சீங்க. அட்டையைப் பார்த்தீங்களா?" ஃபாங் கேட்டார்.

"பார்த்தேன் சார். நான் பார்க்காம ஒரு பைகூட உள்ளே போனதில்ல."

"என்ன கலர்?"

"நீலம்."

"நிச்சயமா? வேற நாளோட குழப்பிக்கலயே?"

பாவ்சூ அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் பார்க்காமலே வட்டம் போட்டதாகச் சந்தேகப்படுகிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

"இருபத்தெட்டு வருஷமா இதே வேலை சார். பச்சைக் குழந்தையைக் கேட்கிற மாதிரி கேட்காதீங்க. நீலம். எந்தச் சாமி முன்னாடி வேணும்னாலும் ஊதுபத்தி கொளுத்திச் சத்தியம் பண்றேன். நல்ல நீலம்."

அவர் ஒவ்வொரு தடவை நீலம் என்று சொன்னபோதும் ஃபாங் எழுதிக்கொண்டார். பிறகு புதிய அட்டை ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்து, கீழே இருந்த எறும்பு எழுத்தைப் பேனா முனையால் காட்டி, சீனத்தில் மெதுவாகப் படித்துச் சொன்னார். பழுப்பு, உலர்ந்தது. நீலம், ஈரம்.

பாவ்சூ அக்கா குனிந்து அட்டையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. சந்தையில் வழி தவறியவர்கள் தெரிந்த முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஒட்டு சரியில்லாம போனது எங்க தப்பு, ஒத்துக்கிறோம்," என்றார் சியென். "ஆனா ஒட்டு போனாலும் காப்பாத்தத்தானே அட்டையை வைக்கிறோம்? அட்டை அதோட வேலையைச் செஞ்சிருக்கு. ஈரம்னு சரியாச் சொல்லியிருக்கு."

"நிறம் மாறினதைப் பத்தி இவங்களுக்கு உங்க தரப்புல யாராவது சொன்னாங்களா?" ஃபாங்கின் கேள்வி என்னை நோக்கித்தான் வந்தது.

நான் வாயைத் திறந்தேன். ஜூன் மாதப் போன், சோயா சாஸ், பன்றிக்கறிச் சோறு, கரடி, எல்லாம் நினைவுக்கு வந்தன. நான் திறந்த வாயில் சத்தம் வருவதற்குள் பாவ்சூ அக்கா பேசிவிட்டார்.

"இல்ல சார். யாரும் சொல்லல. நானும் யாரையும் கேட்கல. கேட்டிருக்கணும்."

"யாரையுமே கேட்கலயா?"

"கேட்கல."

ஃபாங் அதையும் எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியது நன்றாக நினைவிருக்கிறது, பற்கள் ஒன்றோடொன்று தொட்டது வரைக்கும். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'சோதனையாளர் நிறத்தைத் தவறாகப் படித்தது' என்று அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். வந்திருந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். என் முத்திரை பையில் இருந்தது. மையில் தொட்டுக் குத்தினேன். பெயர் தெளிவாக விழுந்தது.

மேனேஜர் காரில் போய்விட்டார். நானும் அக்காவும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் எப்போதும் போகிற பால்மீன் கஞ்சிக் கடைக்குப் போனோம். அவர் கூப்பிட்டார், போனேன்.

கஞ்சி வந்தது. இருவரும் தொடவில்லை.

"நான் கண்ணு போன கிழவி இல்லன்னு நிரூபிக்கப் போய், என் வாயாலயே மாட்டிக்கிட்டேன் பாரு," என்று சிரிக்கப் பார்த்தார். "அந்த ஷியாவ் வீட்டுக்கு ஏழாம் நாள் துக்கத்துக்குப் போனேன், பழம் எடுத்துக்கிட்டு. அப்ப எனக்கு விஷயம் தெரியாது. எங்க கம்பெனிப் பலகைன்னு மட்டும்தான் சொன்னாங்க. அந்தம்மா எனக்குத் தேநீர் ஊத்திக் குடுத்தாங்க ஹுவே. நான் குடிச்சேன்."

"அக்கா, நான் அங்கேயே சொல்லியிருக்கணும்..."

"என்னன்னு சொல்லுவே? நீ பழுப்பு நல்லதுன்னே. நல்லதுதானே? பொய்யா சொன்னே?" குரலைத் தணித்துக்கொண்டார். "கேளு. வியாழக்கிழமை அரசு வழக்கறிஞர் ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்காங்க. போனை வாங்கிப் பார்ப்பாங்களாம். அன்னிக்கு நான் உனக்கு அனுப்பினேன் இல்ல, நீலம் வந்திருக்குன்னு. நீ கரடி போட்டே. அதை என் போன்ல அழிச்சுட்டேன். நேத்தே அழிச்சுட்டேன்."

"ஏன் அக்கா?"

"அது இருந்தா உன்னையும் இழுப்பாங்க. உனக்குப் பொண்ணு நர்சிங் மூணாம் வருஷம். எனக்கு யாரு? ஒரு பூனை. பூனைக்கு நான் ஜெயிலுக்குப் போனா என்ன, கோயிலுக்குப் போனா என்ன? ரெண்டு பேர் மாட்டுறதுக்கு ஒருத்தி போதும்."

அந்தச் செய்தி இருந்தால் தவறு அவர் கண்ணில் இல்லை, அவர் சந்தேகப்பட்டுச் சொன்னார், அட்டையைத் தேர்ந்தெடுத்தவளே சரி என்று கட்டைவிரல் காட்டினாள் என்று தெரியும். அது ஒன்றுதான் அவரைக் காப்பாற்றக்கூடியது. அதை எனக்காக அவர் குப்பையில் போட்டிருந்தார்.

"உன் போன்லயும் இருக்கும். இப்பவே அழி. என் கண்ணு முன்னாடி அழிச்சாதான் எனக்குத் தூக்கம் வரும். நீ மறந்துருவே, உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

கையை மேசைமேல் நீட்டி என் மணிக்கட்டைத் தொட்டார். விரல்கள் வழவழவென்று இருந்தன. ஒரு வெடிப்பு இல்லை. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"ஆமா, பாரேன். ஜூன்ல இருந்து மருந்தே போடல. நல்ல அட்டைதான்டி அது."

போனை எடுத்தேன். எங்கள் இருவரின் பேச்சுப் பக்கத்தைத் திறந்து, செப்டம்பர் வரை மேலே தள்ளினேன். இருபத்தைந்தாம் தேதி அவர் அனுப்பிய பூனைப் படம் இருந்தது. அதற்குக் கீழே நடு இலையுதிர்ப் பண்டிகை வாழ்த்து இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. டிசம்பரில் எங்கள் வாசலுக்கு அவர்கள் பெட்டி எண்ணோடு வந்த அன்றே, மாடிப்படி வளைவில் நின்று, அவர் செய்தியையும் என் கரடியையும் நான் அழித்திருந்தேன். அப்போது அவர் என்ன ஆவார் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

பாவ்சூ அக்கா மூக்குக்கண்ணாடி இல்லாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலியான இடத்தில் விரலை வைத்து, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன்.

"அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு அக்கா."

"நல்லது," என்று கரண்டியை எடுத்து என் கிண்ணத்தில் மீன் துண்டு ஒன்றைப் போட்டார். "இப்ப சாப்பிடு. ஆறிப்போச்சு."

நான் சாப்பிட்டேன்.